வைக்கோலில் குதித்த இளவரசன்

அத்தை,

இன்று காலை பின்வாசலில் டிராக்டர் வந்து புது வைக்கோலைக் கொட்டிவிட்டுப் போனது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "தனியா இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்று உங்கள் மகன் கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். நீங்கள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் உங்களை நினைத்தால் இன்றும் முதலில் வருவது சிரிப்புதான்.

நான் மருமகளாக வந்து ஐந்தாவது வருடம் அது. செஞ்சிக் கோட்டையில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. குழந்தை குதிக்கிற காட்சிக்கு ஒரு வண்டி வைக்கோல் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். மாமா நம் போரிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார். உங்களுக்கு அப்போது அறுபது வயது. சினிமா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். தெருவே தியேட்டருக்குக் கிளம்பினாலும் வரமாட்டீர்கள். அன்று மட்டும், "அவருக்கு சோத்த நானே எடுத்துக்கினு போறேன், நீயும் வா" என்று முன்னால் நடந்தீர்கள்.

கோட்டைக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஆளுயரச் சுவர். அதன்மேல் இளவரசி வேடத்தில் ஆறு வயதுப் பெண். கீழே நம் வைக்கோல். குழந்தை குதிக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்து இதே கதைதான் என்றார் மாமா. "இன்னொரு தரம் அழுதா வேற கொழந்தய வெச்சு எடுத்துக்கறேன்" என்று டைரக்டர் கத்தியதும், குழந்தையின் அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது.

நீங்கள் தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தீர்கள். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், படியேறி, அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "ஏம்மா, எறங்கும்மா" என்று யாரோ சத்தம் போட்டார்கள். நீங்கள் திரும்பவே இல்லை. குழந்தையிடம் என்ன பேசினீர்கள் என்று பிறகுதான் சொன்னீர்கள்: "பயமா இருக்குதா? எனக்கும் இருந்துச்சி. பயந்துக்கினே குதிக்கலாம். கீழ பாக்காத, எதிர்ல இருக்குற மரத்த பாரு."

பிறகு எழுந்து, புடவையை வரிந்து செருகிக்கொண்டு, குதித்தீர்கள்.

என் கையிலிருந்த குழம்பு தளும்பிவிட்டது. நீங்களோ காற்றிலேயே முழங்காலை மடக்கி, தோளில் இறங்கி, ஒரு உருட்டு உருண்டு எழுந்து நின்றீர்கள். தலையெல்லாம் வைக்கோல். வலது கை தானாகப் போய் இடுப்பில் உட்கார்ந்தது. முகம் கேமரா இருந்த பக்கம் திரும்பியது. குழந்தை கைதட்டிச் சிரித்தது. அடுத்த தடவை கேமரா ஓடும்போது மரத்தைப் பார்த்துக்கொண்டே அதுவும் குதித்துவிட்டது.

வண்டியில் வீடு திரும்பினோம். வீட்டுக்குள் வந்ததும் மாமா கேட்டார், "இப்பிடி குதிக்க எங்க கத்துக்கின?"

நீங்கள் கொண்டையில் மாட்டியிருந்த வைக்கோலை உருவினீர்கள். அவரே பேசினார். "சின்ன வயசுல திண்டிவனம் டெண்டு கொட்டாயில ஒரு ஊமைப்படம் பாத்தேன். பக்கத்துல ஒருத்தரு நின்னு கதை சொல்லுவாரு. ராஜகுமாரன் ஒருத்தன் மதில் மேலேந்து வைக்கப்போருல குதிச்சிட்டு, இப்பிடித்தான் இடுப்புல கை வெச்சிக்கினு நிப்பான். அவனாட்டம் குதிக்கப் போயிதான் இது ஒடிஞ்சிது." கோணியிருந்த இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தப் பையன் நான்தாங்க" என்றீர்கள்.

"அப்போ நாப்பது வருசமா எங்கைய ஒடிச்சவளுக்குத்தான் சோறு போட்டுனு இருக்கேனா" என்றார் மாமா. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நீங்கள் சிரித்தீர்களா அழுதீர்களா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். உங்கள் நைனா சென்னையில் சினிமாவுக்கு அரண்மனை செய்து கொடுத்த தச்சர். ராஜகுமாரனாக வேண்டிய பையன் ஓடிப்போனதால், அங்கே விளையாடிக்கொண்டிருந்த உங்கள் முடியை வெட்டி வேடம் கட்டினார்கள். வெயில் இருந்தால்தான் படம் பிடிப்பார்கள். கேமரா ஓடும்போதே டைரக்டர் "திரும்பு, சிரி, அழு" என்று கத்திக்கொண்டிருப்பார், சத்தம்தான் பதியாதே. மூன்று வருடம், ஐந்து படம், எல்லாம் பையன் வேடம். பிறகு பேசும் படம் வந்தது. "பாடச் சொன்னாங்க. வாயத் தொறந்தேன். ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றீர்கள், கொஞ்சமும் வருத்தமில்லாமல். சினிமாவில் நடித்த பெண் என்று தெரிந்தால் யாரும் கட்டமாட்டார்கள் என்று உங்கள் நைனா வாங்கிய சத்தியம்தான் அத்தனை வருடம் உங்கள் வாயைக் கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு மாமாவின் வாயைக் கட்ட முடியவில்லை. மேல்மலையனூர் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட, "ரெண்டு டிக்கெட். இவங்க சினிமா ஸ்டாரு" என்பார். நீங்கள் அவர் தொடையைக் கிள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள்.

அந்த நாள் வரை ஐந்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம் அத்தை. ஒருநாள்கூட உங்கள் சின்ன வயதைப் பற்றி நான் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிடுகிறேன், யாராக இருந்தாலும். போன வாரம் கீரை விற்க வந்த அம்மாவிடம், "சின்ன வயசுல நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் இத கேட்டதில்லியே" என்று கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தவர், பேசி முடித்து எழுந்தபோது உச்சிவெயில். அன்று நம் வீட்டில் கடைந்தது வாடிய கீரை.