கையை விட்டால் நாலு ரன்

நவம்பர் 11, திங்கள்

மூன்றாவது நாளாக மழை. பள்ளி மைதானம் குட்டையாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண்களைச் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப் போய் பிளாஸ்டிக் மட்டையும் ஸ்பாஞ்ச் பந்தும் கொடுத்தேன். சேர்ந்து ஆடப் பழகட்டும் என்று ஒரு விதி: ஃபீல்டிங்கோ ரன்னோ, ஜோடியாகக் கைகோத்துக்கொண்டுதான். கையை விட்டால் எதிரணிக்கு நாலு ரன்.

ரூத்துக்கு ஜோடி ரோகிணி. அவள் தன் கையில் கர்சீப்பைச் சுற்றிக்கொண்டு, பிறகுதான் ரூத்தின் கையைப் பிடித்தாள். "வேர்க்குது மிஸ்" என்றாள். நல்ல யோசனை, வழுக்காது என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினேன்.

நவம்பர் 14, வியாழன்

இன்று ஐந்து பேர் கர்சீப்போடு வந்தார்கள். ஐவரும் ஊர்ப் பெண்கள். அவர்களுக்கு ஜோடியாக நின்ற ஐவரும் காலனிப் பெண்கள். கூடம் மழையில் சில்லென்று இருந்தது. யாருக்கு வேர்த்ததாம்?

திங்கட்கிழமையே உனக்குத் தெரியாதா ரெபேக்காள்? ஐந்தாம் வகுப்பில் உன் நோட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கிய டீச்சரை மறந்துவிட்டாயா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். போதாக்குறைக்குப் பாராட்டு வேறு. சீ.

நவம்பர் 18, திங்கள்

ரூத் ஆடவில்லை. ஸ்கோர் எழுதுகிறேன் மிஸ் என்றாள். வகுப்பிலேயே நன்றாகப் பந்து பிடிக்கிறவள். ஏன் என்று கேட்காமல் நோட்டை நீட்டினேன்.

இனி யாரும் கர்சீப் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஐந்து பேரும் எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள்.

நவம்பர் 20, புதன்

தலைமையாசிரியர் உலகநாதன் சார் கூப்பிட்டனுப்பினார். ரோகிணியின் அம்மா சாரதாம்பாள் உட்கார்ந்திருந்தார். பிள்ளையை விளையாட விடாமல் ஓரங்கட்டுகிறேனாம். விளையாட்டையே மாற்றிவிடச் சொன்னார் சார். "எதுக்கு மேடம் பேஜாரு? கேரம் போர்டு கீதே."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தூரு டீச்சர்?"

ஆறு வருஷமாக இதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: ஊரப்பாக்கம். வீடு அங்கேதானே இருக்கிறது, பொய்யில்லையே. இன்று வேறு பதில் வந்தது.

"கருங்குழி பக்கம்மா. காலனி."

அவர் எழுந்து போனார். சார் மேசையில் இருந்த காகிதத்தை அடுக்க ஆரம்பித்தார். செங்கல்பட்டில் ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்குற வரைக்கும் இதே நெனப்புதான். இன்னா ஆவப்போவுதோ. ஆனால் விளையாட்டை மாற்றப்போவதில்லை.

நவம்பர் 21, வியாழன்

அதே ஆட்டம். அதே ஐந்து பேர் சுவரோரம். ரூத் ஸ்கோர் நோட்டோடு.

நவம்பர் 25, திங்கள்

மட்டை பிடிப்பதில் ரோகிணியை மிஞ்ச ஆளில்லை. இரண்டு வகுப்பாகச் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு இன்று தாங்கவில்லை. கர்சீப்பைக் கையில் கசக்கிக்கொண்டே எழுந்து வந்து, யாரோடு ஆடட்டும் மிஸ் என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ரூத் நோட்டை மூடினாள்.

"என்னோட வரட்டும் மிஸ். கர்சீப் இல்லாம வர்றதுன்னா வரட்டும். எனுக்கு ஒண்ணும் வேர்க்கல."

நான் குறுக்கே போகவில்லை, போயிருந்தால் கெடுத்திருப்பேன். ரோகிணி ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கர்சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

ரூத் உடனே பிடிக்கவில்லை. முதலில் தன் கையைச் சுடிதாரில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள் — நீ ஏன்டி துடைக்கிறாய்?

பதினொரு ரன் எடுத்தார்கள். ஒரு தடவைகூடக் கையை விடவில்லை.

நவம்பர் 28, வியாழன்

மற்ற நால்வரில் இரண்டு பேர் ஆட வந்துவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் சுவரோரம்தான். மதியச் சாப்பாட்டுக்கு அதே கூடத்தில் எப்போதும் போல இரண்டு வரிசை. ரூத் ஒன்றில், ரோகிணி மற்றதில். அதை நான் எப்படி மாற்றுவது, தெரியவில்லை.

திங்கட்கிழமை ஜன்னலில் வைத்த கர்சீப் அங்கேயே கிடந்தது. மூலையில் சிவப்பு நூலில் 'ரோ' என்று தைத்திருக்கிறது. வகுப்பில் தூக்கிக் காட்டி, யாருடையது என்று கேட்டேன்.

ரூத் திரும்பி ரோகிணியைப் பார்த்தாள்.

"என்னுது இல்ல மிஸ்" என்றாள் ரோகிணி.