கடைசி நாள் தெரிந்த வியாபாரம்

அண்ணன்,

இன்று லொறியைக் கழுவும்போது நடுப்பலகை கையோடு கழன்று வந்தது. முன்பாதி உங்கள் மீன்பெட்டிகளுக்கு, பின்பாதி என்னுடையவற்றுக்கு என்று நீங்கள் அடித்த பலகை. ஐஸ் தண்ணீரில் ஊறி நாறிப்போய்விட்டது. எறிய மனம் வரவில்லை. சுவரில் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பலகைக்கு முன்னர் நாம் ஆளையாள் விழுத்தப் பார்த்துத் திரிந்தவர்கள். கரை ஏலத்தில் நீங்கள் விலையை ஏற்றினால் நானும் ஏற்றுவேன். நம்மிடம் மீன் வாங்கும் கொழும்பு முதலாளியோ, "மற்றவர் இதைவிடக் குறைச்சுத் தாறார்" என்று இரண்டு பேரிடமும் சொல்லி இரண்டு பேரையும் உரித்தார். கம்பஸில் படித்த ‘கேம் தியரி’ என்ற விளையாட்டுக் கோட்பாட்டைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்கு வந்தவர் நீங்கள்தான். இனி ஒரே லொறி. கொழும்பு விலையை யார் கேட்டாலும் மற்றவருக்கு ஒளிக்காமல் சொல்வது.

"நீங்க ஒளிச்சா?" என்றேன்.

"நாளைக்கும் உங்கட முகத்தில முழிக்கோணுமே. நாளை எண்டு ஒண்டு இருக்கும் மட்டும் ஏமாத்திறது நட்டம். கடைசி நாள் எதெண்டு தெரிஞ்சால்தான் பயம்."

தலையாட்டினேனே தவிர, நம்பவில்லை. நீங்கள் சொன்ன விலையைக் கொழும்பிலிருக்கும் என் மச்சானிடம் தினமும் விசாரித்தேன். நீங்களும் என் பெட்டிகளைப் பற்றி டிரைவரிடம் கேட்டது எனக்குத் தெரியும்.

உங்கள் செத்த வீட்டில்தான், என்னை அண்ணன் முறைக்கு ‘நானா’ என்று கூப்பிடும் உங்கள் மனைவி சொன்னார்: "போன வருசமே அவருக்குத் தன்ர வருத்தம் மாறாது எண்டு தெரியும், நானா. உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டாம் எண்டவர்."

எனக்கு மட்டும். அழ வந்தவன் கோபத்தோடு திரும்பினேன். தெரிந்தால் நான் ஏமாற்றிவிடுவேன் என்றா நினைத்தீர்கள்? கடைசி நாள் தெரிந்தவர் நீங்கள். அந்த வருடம் முழுக்க ஒரு விலைகூடப் பொய் சொல்லவில்லை. அதற்கு மச்சான் சாட்சி.

இப்போது உங்கள் பங்கை நடத்துவது உங்கள் மனைவி. எனக்கு நாரி நோவு, குனிந்து பெட்டி தூக்க ஏலாது; இந்தப் பருவத்தோடு வியாபாரத்தை விடுகிறேன். மறைக்கத்தான் முதலில் நினைத்தேன். பிறகு நேரே போய் அவரிடம் சொன்னேன்.

"விளங்குது நானா. நாளைக்கு எத்தனை பெட்டி?" என்றார்.

மறுநாள் அவர் சொன்ன விலையையும் மச்சானிடம் விசாரித்தேன். சரியாக இருந்தது. அடுத்த நாளும் விசாரித்தேன். இந்தச் சந்தேகம் கபுறுக்குழி வரைக்கும் என்னோடு வரும். அது என் குணம். ஆனாலும் உங்கள் கடைசி நாளை எனக்கும் ஒரு தரம் சொல்லிப் பார்த்திருக்கலாம், அண்ணன்.