சின் வம்சமும் துர்க்காவின் கேள்வியும்

செவ்வாய், இரவு.

இன்றைக்குப் பத்தாம் வகுப்புக்குச் சீனாவின் சின் வம்சம் படிப்பித்தேன். பாடம் பார்க்க வந்த அதிகாரி கடைசி வாங்கில் இருந்தார். நாடு முழுக்க ஒரே ஆட்சி, ஒரே எழுத்து, ஒரே நிறை அளவு, நீண்ட வீதிகள், எல்லைச் சுவர் என்று நல்லாத்தான் போனது. எதிர்த்துக் கதைத்த அறிஞர்களைப் பேரரசர் உயிரோடு புதைத்ததாகச் சொல்வார்கள் என்றதும் துர்க்கா எழும்பினாள்.

"மிஸ், எங்க புதைச்சதெண்டு அவங்கட வீட்டாக்களுக்குச் சொன்னவங்களா?"

அவளுடைய மாமாவை ஜிந்துப்பிட்டி வீட்டுக்கு வந்து விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அது அவள் பிறக்க முதல் நடந்தது. அவளுடைய அம்மா இப்பவும் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடுகிற மற்றவர்களோடு வீதியில் போய் நிற்கிறார்.

"புத்தகத்தில அப்படி ஒண்டும் இல்லை, பிள்ளை," என்றேன்.

மணி அடித்தபிறகு அதிகாரி என்னிடம் கேட்டார். "அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையிட பேர் என்ன, மிஸ்?"

"புதுசா வந்த பிள்ளை, சேர். பேர் டக்கெண்டு வருகுதில்லை."

நாலு வருஷமாக என்னிடம் படிக்கிறவள். மெச்சுவதற்குத்தான் கேட்டாரோ என்னவோ, அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நாளைக்கும் அதே வகுப்புக்கு வருவாராம். துர்க்கா எப்படியும் கை உயர்த்துவாள். நான் அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது?