கரையில்லாப் புடவை

திருகோணமலை
5.7.1943

ஸஹீதாவுக்கு, உன் புருஷன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ நெய்து அனுப்பிய புடவைத் துணி வந்து சேர்ந்தது. சேராமலே போயிருக்கலாம். இது ஆண்கள் இடுப்பில் சுற்றும் சாரம் இல்லையென்று எத்தனை முறை எழுதினேன்? ஸ்கொட்லாந்துப் பட்டாளத்து வாத்தியக்காரர் உடுக்கும் கட்டம் போட்ட கொசுவப் பாவாடை. அதற்கு அடி மடித்துத் தைப்பதில்லை. தறியில் வந்த விளிம்புதான் அடி. கட்டம் விளிம்பு வரை ஓடவேண்டும். நீயோ சாரத்துக்குப் போடுவதுபோல வெள்ளைக் கரை போட்டிருக்கிறாய்! போதாததற்கு ஓரமும் பாம்பாக நெளிகிறது. ஊடு நூலை ஓரிடத்தில் இறுக்கி, ஓரிடத்தில் தொங்கவிட்டிருக்கிறாய். கொசுவம் பிடித்தால் ஒரு மடிப்பு ஏறி நிற்கிறது, ஒன்று இறங்கிக் கிடக்கிறது. பட்டாளத்துத் தையற்காரன் என்றும் பாராமல் கப்டன் என் முகத்திலேயே வீசினான். உனக்கெல்லாம் தறி எதற்கு?

நோன்புக்கு முன் ஒழுங்காக நெய்து அனுப்பு. இல்லாவிட்டால் தலாக் வரும்.

அசனார்


காத்தான்குடி
14.7.1943

மச்சானுக்கு, வஅலைக்கும் முஸ்ஸலாம்.

கரையில்லாத புடவை எங்கள் தெருவில் மையித்தைப் போர்த்தி அடக்க மட்டும்தான் நெய்வது. உயிரோடு இருப்பவர் உடுப்பதென்றால் ஒரு விரல் கரையாவது விடுவோம். என் வீட்டில் இத்தனை வருஷம் தின்று உறங்கிய உங்களுக்கு இது தெரியாதா? வெள்ளைக்காரன் என்றாலும் எனக்கு மனம் வரவில்லை.

ஓரம் நெளிந்தது உண்மை. ஆனால் எங்கே நெளியத் தொடங்குகிறது என்று விரித்துப் பாருங்கள். பாதிவரை நேராகத்தான் இருக்கும். பாதி நெய்தபோது தம்பி முனாப் திருகோணமலையிலிருந்து வந்தான். "ராத்தா, மச்சான் அங்க வேறொரு நிக்காஹ் முடிச்சிட்டார். புள்ளையும் பொறந்திருக்கு. எல்லாரும் அறிஞ்ச கத, உங்களுக்குத்தான் தெரியா" என்றான். பிறகு என் கை எப்படி நேராகப் போகும்?

உண்மையா, பொய்யா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஸஹீதா


திருகோணமலை
22.7.1943

ஸஹீதா,

உண்மைதான். மார்க்கம் தடுக்காததை நீ தடுப்பாயா? உன் வளவில் வீட்டோடு மாப்பிள்ளையாக வாய் பொத்திக் கிடந்தது போதும். இங்கே நான் சொன்னதுதான் சட்டம். முனாப்பின் நாக்கை அடக்கி வை.

எனக்கு வேண்டியது கரையில்லாத, ஓரம் நேரான புடவை. பெருநாளைக்கு வருவேன். அழுது வடியாமல் சோறு ஆக்கி வை.

அசனார்


காத்தான்குடி
21.8.1943

அசனாருக்கு,

சலாம் சொல்வது மார்க்கத்துக்காக. அஸ்ஸலாமு அலைக்கும்.

புடவையை முனாப் கொண்டுவருகிறான். உம்முடைய பெட்டியும் செருப்பும் அதோடு வரும். மணத்தை முறித்துத் தரும்படி காதியாரிடம் மனுக் கொடுத்துவிட்டேன். தலாக் எழுதும் சிரமம் உமக்கு வேண்டாம். பெருநாளைக்கும் வரவேண்டாம். வீடு என்னுடையது, படலை பூட்டியிருக்கும்.

நீர் கேட்டபடியே கட்டம் விளிம்பு வரை ஓடுகிறது. மேசையில் விரித்துப் பாரும். விரலால் தடவிப் பாரும். கொசுவம் பிடித்துப் பாரும். ஒரு நூல்கூட நெளியாது. இந்தமுறை என் கை நேராகவே போனது.

கரையில்லாத புடவையை யாருக்கு நெய்வோம் என்று முன்னமே எழுதியிருந்தேன். பட்டாளத்துக்காரர் பாவம், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முதல் நூலிலிருந்து கடைசி நூல் வரை உம்மை நினைத்தே நெய்தேன்.

ஸஹீதா