எங்கட பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை

09.03.2004, செவ்வாய், கெல்சென்கிர்ச்சன்

மகள் பிறந்து ஒன்பதாம் நாள். இருபத்தெட்டாம் கிழமையிலேயே வந்துவிட்டாள். ஆயிரத்து நாற்பது கிராம். மூக்கில் குழாய் வைத்துக் காற்றுக் கொடுக்கிறார்கள். மச்சாள் நேசமலர் டுசல்டோர்ஃபில் இருந்து போன் எடுத்து, "நீர் மாடிப்படி ஏறித் திரிஞ்சதாலதான்" என்றா. லிஃப்ற் இல்லாத வீட்டைப் பிடித்தது அவவின் தம்பி, என் கணவர் அன்ரன்.

11.03

இரத்தத்தில் தைரொயிட் ஹோமோன் குறைவாம். அதனால் மூச்சு முட்டுகிறதா, மூச்சு முட்டுவதால் அது குறைந்ததா? டொக்டர் "தெரியாது" என்கிறார். எங்கட சனம் போனிலேயே கண்டுபிடித்துவிடுகிறது.

குறைமாதப் பிள்ளைகளுக்கு அது தானாகவும் சரிவருமாம். பரம்பரை என்றால் காத்திருக்கக் கூடாதாம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அன்ரன் யோசிக்கவேயில்லை. "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை." பிறகு என்னைப் பார்த்தார். டொக்டரும் பார்த்தார்.

12.03

மன்னாரில் என் வீட்டுக்குப் போன் எடுத்து, என் பக்கத்தில் செத்தவர்கள் உட்பட எல்லாரையும் விசாரித்தாயிற்று. ஒருவருக்கும் இல்லை. அன்ரன் நம்பவில்லை.

14.03

நேற்று மூன்று தடவை மூச்சு நின்றது. மெஷின் கத்த, தாதி ஓடிவந்து காலைத் தட்ட, மகள் திரும்ப மூச்சு எடுத்தாள். ஆண்டவரே, என்ர பிள்ளை — ஆரின்ர பக்கமா இருந்தால் என்ன?

15.03

மச்சாள் ஆட்டுக்கால் சூப்போடு வந்தா. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளைப் பார்த்தா. வெளியே வந்ததும் என்னைக் கோப்பி மெஷினுக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கைப்பையைத் திறந்தா. ஒரு குளிசைப் பெட்டி.

"பதினாலு வருஷமாப் போடுறன். தைரொயிட். அம்மாவுக்கும் இருந்தது. கலியாணம் குழம்பிப்போகும் எண்டு மறைச்சம். அன்ரனுக்கே தெரியாது. என்ர மனிசன் இதை விற்றமின் எண்டு நினைக்கிறார்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு சூப்பை அவவின் தலையில் ஊற்றியிருப்பேன். டொக்டருக்குச் சொல்ல அவ வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

"டொக்டரிட்டச் சொல்லுங்கோ மச்சாள். இப்பவே."

சொன்னா. கதவைச் சாத்திவிட்டு.

16.03

திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து தொடங்கிவிட்டார்கள். மூச்சுக்கும் இதுதான் காரணமா? டொக்டருக்கு இன்றும் தெரியாது.

02.04, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். மருந்தாலா, நுரையீரல் தேறியதாலா என்று நான் கேட்கவில்லை. வெளியே மச்சாள் கனடாவுக்குப் போனில், "ஓம், தைரொயிட்தான். எனக்கும் இருக்கு" என்றா. பக்கத்தில் நின்ற அவவின் கணவர், "அப்ப அது விற்றமின் இல்லையா?" என்றார்.

மகளின் முழு முகத்தை இன்றுதான் கண்டேன். மூக்கு அச்சொட்டாக மச்சாளுடையது. இருக்கட்டும். நன்றாக மூச்சு விடுகிறது.