கையுறைக்கு ஏற்ற துப்பாக்கி

கோடியாக் தீவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாடின் எழுதுகிறேன். நான் நலம், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் பண்ணையில் கன்றுகளை அடைக்கும் பட்டிக்குக் கரடி வந்தது. பண்ணைத் துப்பாக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வாளியைத் தட்டினேன், ஓடிவிட்டது. அவ்வளவுதான்.

மறுநாளே முதலாளி வால்ட் கடைக்கு அழைத்துப்போனார். காவலுக்கும் கரடி வேட்டைக்கும் ஒன்றே போதும் என்று, துருப்பிடிக்காத எஃகில், விசைக்குக் கீழே உள்ள வளையத்தை இழுத்துக் குண்டேற்றும் லீவர் துப்பாக்கிகளாகப் பார்த்தோம். மழையில் ஊறினாலும் கை நுழையுமா என்று பார்க்க, நீங்கள் பின்னிய கையுறையை நனைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு லீவர் வளையத்திலும் கையை நுழைத்தேன்.

"துப்பாக்கி வாங்க வந்தியா, வளையல் வாங்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"கரடி வந்தா இவ கையுறையைக் கழட்டிக்கிட்டா நிப்பா?" என்றார் வால்ட்.

பெரிய வளையம் உள்ளதையே எடுத்தோம்.

வலது கையுறை நைந்துவிட்டது. புதிதாக ஒரு ஜோடி அனுப்புங்கள். குளிருமே என்று தடிமனாகப் பின்னிவிடாதீர்கள், அம்மா. துப்பாக்கியை உங்கள் பின்னலுக்கு அளவு பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

தபால் படகு கிளம்புகிறது.

உங்கள்
நாடின்