விரிசல் மேல் சில்வர் பெயின்ட்

தம்பி,

இன்று காலை மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு வேனின் புகைக்குழாய், சூடு தாங்கும் கோட்டிங் போட என் பட்டறைக்கு வந்தது. கையில் எடுத்ததும் தின்னர் வாசம். யாரோ புதிதாகச் சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். "இத எடுத்துட்டு வெளிய போங்க!" என்று கத்திவிட்டேன். கொண்டுவந்தவர் மிரண்டுபோனார். அந்தக் கத்தல் அவருக்கானது இல்லை, உனக்கானது.

தென்னூரில் நான் பட்டறை போட்டபோது ஸ்ரீரங்கத்து வேன் டிரைவர்களில் பாதிப் பேரை நீதான் அனுப்பினாய். "எங்கக்கா பூசுனா குழாய் விரிசல் விடாது" என்பாய். கொதிக்கிற இரும்பில் மழைத்தண்ணீர் பட்டால் என்ன ஆகும், பூச்சு அதை எப்படித் தாங்கும் என்று என்னைவிட அழகாக விளக்குவாய். உன் வேனை மட்டும் கொண்டுவந்து விடவே இல்லை.

விரிசல் விட்ட பிறகுதான் வந்தாய். "மேல கொஞ்சம் பூசிவிடுக்கா, போதும்."

"விரிசல் மேல பூசி என்னடா பண்றது? முதல்ல வெல்டிங். அப்புறம் மணல் அடிச்சு, பூசி, சூட்டுல வேக வைக்கணும். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போ."

"முகூர்த்த நாள் வருதுக்கா. சவாரி இருக்கு."

"எஞ்சின் உன் சீட்டுக்கு அடியில இருக்குடா. புகை உள்ளதான் வரும்."

மறுவாரம் சீட்டைத் தூக்கிக் காட்டினாய். அடியில் குழாய் பளபளவென்றிருந்தது. "வெளிய குடுத்து வெல்டிங், கோட்டிங் எல்லாம் முடிச்சுட்டேன்." என்னிடம் தராமல் வெளியே கொடுத்தாயே என்ற ரோஷத்தில் நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கோபம் என் மேலும் உண்டு.

மருங்காபுரியில் கல்யாண வீட்டுக்காரர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மத்தியான மழை. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறாய். மழை விட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் டீக்கடைக்காரர் கண்ணாடியைத் தட்டினாராம். நீ எழவே இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த வேனை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். சில்வர் பெயின்ட் தோலாக உரிந்தது. அடியில் அதே விரிசல், இன்னும் நீளமாக. வெல்டிங் வைத்த தடமே இல்லை. யாரை ஏமாற்ற நினைத்தாய்? கார்க்காரன் ஒருவன் மோதியிருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன். உன்னைத் திட்ட உன் மாலை போட்ட படத்துக்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் யார் என்ன அவசரம் சொன்னாலும், பழைய பூச்சு முழுவதையும் உரித்து, வெறும் இரும்பைப் பார்க்காமல் நான் எதையும் பூசுவதில்லை. "ஓவரா பண்றீங்கம்மா" என்று சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்களுக்குத்தான் தெரியும். வண்டிய அவரு நல்லாத்தானே வச்சிருந்தாரு?"

"நல்லாத்தாம்மா வச்சிருந்தான்" என்றேன்.

நீ என்னிடம் சொன்ன பொய்யை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதை மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மட்டும் உன்னை மன்னிக்கவே மாட்டேன்டா.

அக்கா